அப்பாவுக்குச் செய்த முகம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பா இன்றைக்கு என் செருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். கேட்டதற்கு நான்தான் திருடி என்று தெருவைக் கூட்டினார். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அரை மணி தாமதம். ஃப்ரேம் பார்க்க வந்த மூன்று பேர் காத்திருந்தார்களாம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே குத்துவதில் அவர் கெட்டிக்காரர்.

சில நாள், இந்த மனிதர் எங்கேயாவது போய்த் தொலைந்தால் என்ன என்று தோன்றுகிறது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

நான் பால் வாங்கி வருவதற்குள் அப்பா வெளியே போய்விட்டார். பத்தே நிமிடம். கதவைப் பூட்டாமல் போனது நான்தான். பஸ் நிலையம், பூங்கா, பழைய வீடு இருந்த தெரு — எங்கேயும் இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. காலில் செருப்புகூட இல்லை.

மார்ச் 7, வெள்ளி

காவல் நிலையத்தில் சமீபத்திய போட்டோ கேட்டார்கள். என் போனில் அவருடைய மருந்துச் சீட்டு நாற்பத்தொரு படம் இருக்கிறது. கால் புண் பதினாறு படம், டாக்டருக்கு அனுப்பியது. முகம் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடம் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. வீட்டில் இருப்பது அக்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் அவருக்கு மீசையும் இருக்கிறது, பல்லும் இருக்கிறது.

கடைக்குப் பக்கத்து அச்சகக்காரரிடம் சொன்னேன். படம் வரையும் ஏஐ ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். "ஆள் எப்படி இருப்பார்னு சொல்லத் தெரியுமில்ல? அதையே எழுதுங்க, அது வரைஞ்சுடும்."

மார்ச் 8, சனி

'எழுபத்தாறு வயது முதியவர்' என்று எழுதினேன். வெண்தாடியோடு ஒரு முனிவர் வந்தார், தலைக்குப் பின்னால் சூரியன். 'தாடி வேண்டாம்' என்று சேர்த்தேன். தாடி நெஞ்சு வரை வளர்ந்தது. சிரித்துவிட்டேன். அப்பாவைக் காணோம், நான் சிரிக்கிறேன். என்ன பிறவி நான்?

மார்ச் 9, ஞாயிறு

அச்சகக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வேண்டாததைச் சொன்னால் அது அதையே பிடித்துக்கொள்ளுமாம். வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். 'மழித்த முகம்' என்றேன், தாடி போனது. பழைய போட்டோவையும் கூடக் கொடுக்கச் சொன்னார். எவ்வளவு கிட்டத்திலிருந்து எடுத்தது, வெளிச்சம் எந்தப் பக்கம், உடை என்ன, எல்லாம் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது கெடுத்தது என்றே தெரியாது. எங்கள் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டுவது போலத்தான். இது தெளிவா, அது தெளிவா?

மார்ச் 10, திங்கள்

இருபத்துமூன்றாவது படம். இடது இமை சரிந்திருக்கிறது. மேல்பல் இல்லாமல் வாய் உள்ளே போயிருக்கிறது. நீ யார் என்று கேட்கிற, பயந்த பார்வை. அப்பாவேதான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு அனுப்பியதும் கூப்பிட்டாள். "இதையா ஊரெல்லாம் ஒட்டப்போறே? பாக்கிறவங்க நாம சோறே போடலேன்னு நினைப்பாங்க. மரியாதையா வாழ்ந்த மனுஷன்டி."

பழியை அவள் தலையில் போட்டுவிடலாம். ஆனால் 'கனிவான முகம், தெளிந்த கண்கள், மென்மையான வெளிச்சம்' என்று எழுதியது நான். அதுவும் ஒவ்வொன்றாக, கற்றுக்கொண்டபடியே. இருபத்தெட்டாவது படத்தில் அவர் என்னைப் பார்த்தார். என்னைத் தெரிந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். இதுவே இருக்கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

இருநூறு நோட்டீஸ். இது ஏஐ வரைந்த படம் என்று கீழே ஒரு வரி போடவா என்று அச்சகக்காரர் கேட்டார். போட்டால் எவனும் மதிக்கமாட்டான், வேண்டாம் என்றேன். காவல் நிலையத்திலும் ஒன்று கொடுத்தேன். இவ்வளவு நல்ல போட்டோவை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்றார் காவலர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

இருநூறும் ஒட்டியாகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

அப்பாவைப் பார்த்ததாக இதுவரை மூன்று பேர் போன் செய்தார்கள். போய்ப் பார்த்தால் மூன்றும் வேறு யாரோ. அதில் ஒருவர் படத்தில் இருப்பவரை அப்படியே உரித்து வைத்திருந்தார். பாவம், மனைவியோடு நடைப்பயிற்சிக்கு வந்தவர். ஆள் காணாமல் போகவில்லை என்று அந்த அம்மா என்னிடம் சத்தம் போட்டார்.

மார்ச் 22, சனி

காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். கட்டம் போட்ட சட்டையை முதலில் காட்டினார்கள். பிறகு அப்பாவைக் காட்டினார்கள்.

ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை ஒன்பதாம் தேதி யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. முந்தாநாள் வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார். பதினோரு நாள். வீட்டிலிருந்து நாலு ஸ்டாப் தூரம். நான் அந்த வார்டு வாசல் வரை போயிருக்கிறேன். பார்வை நேரம் இல்லை என்றதும் நோட்டீஸை ஒட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நர்ஸ் என் வயதுக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க நோட்டீஸைக் கிழிச்சு எடுத்துட்டுப் போய் அவர் பக்கத்துல வெச்சுப் பார்த்தேங்க. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. போட்டோல இருக்கிறவர் வேறன்னு நினைச்சு மறுபடி வாசல்லயே ஒட்டிட்டேன். என் மேலதான் தப்பு."

இல்லைங்க, உங்க மேல இல்லை என்றேன். அது போட்டோவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் இன்றைக்கு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவாள்? நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

போகவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா இருபத்தெட்டாவது படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கூடத்தில் மாட்டிவிட்டாள். வேறு எந்தப் படம் இருக்கிறது என்று கேட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அச்சு அசல் அவரேதான் என்கிறார்கள். அவர்களில் ஒருவரும் மூன்று வருடமாக இந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

சித்தி மட்டும் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"அதான். உன்னை எவ்வளவு ஆசையாப் பாக்கிறார் பாரு."

ஆமாம் சித்தி என்றேன்.