துணைக்கு வருபவளுக்கும் ஓர் இடம்

அனுப்புநர்:
கி. அஞ்சலாட்சி (வயது 16),
த/பெ. கிருஷ்ணசாமி,
4, பொன்னியம்மன் கோயில் சந்து,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நல்வழி மறுவாழ்வு நிலையம்,
புதுச்சேரி.

பொருள்: தையல் வகுப்பில் நோயாளியின் துணைக்கு வருபவருக்கும் இடம் கேட்பதும், என் அண்ணனின் இடத்தை எனக்கு மாற்ற வேண்டாம் என்று வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிலையத்தில் குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் சிகிச்சை பெற்று வரும் காத்தவராயன் என் அண்ணன். அவருக்குத் துணையாக வருபவள் நான். நேரில் சொல்ல நினைத்துத் தங்கள் அறை வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். ஆட்கள் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆகவே எழுதுகிறேன்.

1. அண்ணன் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். சாராயம் குடிக்கத் தொடங்கி வேலை போனது. பிறகு குடிக்காத நாட்களிலும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். அண்ணனைத் தனியாக விட முடியாது என்று என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நிறுத்தட்டுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

2. துணைக்கு ஆள் இல்லாமல் நோயாளி உள்ளே வரக்கூடாது, வகுப்பு முடியும் வரை துணையாள் போகவும் கூடாது என்பது நிலையத்தின் விதி. அது சரியான விதிதான். அதனால் திங்களும் வியாழனும் அண்ணன் உள்ளே தையல் கற்கிறார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சன்னல் வழியாக எல்லாம் தெரியும். அண்ணன் நேராக ஒரு தையல் போட்டால் வசந்தா டீச்சர் கை தட்டுகிறார். நடுவில் டீயும் பன்னும் கொடுக்கிறார்கள். டாக்டர் வந்து தோளில் கை வைத்து, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

3. அண்ணன் தைத்துக் கொண்டுவந்த துணிப்பையை அம்மா கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "எம் புள்ள தச்சது" என்று காட்டுகிறார். அதன் ஒரு பக்கம் கோணல். டாக்டர் சொன்னார் என்று அண்ணனுக்கு மட்டும் தினம் முட்டை அவித்துக் கொடுக்கிறார். எனக்கு அந்த முட்டை மேல் ஆசை இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஒரு நாள் கேட்டும்விட்டேன். "உனுக்கு இன்னாடி கொற? கை காலு நல்லாத்தான இருக்குது?" என்றார் அம்மா. ஐயா, நோயாளியைப் பார்த்துப் பொறாமைப்படுவது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது போகவில்லை.

4. வகுப்பில் ஒரு தையல் மெஷின் உறை போட்டபடியே இருக்கிறது. யாரும் அதில் தைப்பதில்லை. சென்ற திங்கட்கிழமை எல்லோரும் டீ குடிக்கும்போது நான் உள்ளே போய் அந்த உறையைத் தூக்கிப் பார்த்தேன். வார்டு உதவியாளர் கோவிந்தராசு, "ஏ பொண்ணே, கைய எடு! இது பேஷண்டுங்களுக்கு. உனக்கும் பைத்தியம் புடிக்கட்டும், ஒரு சீட்டு எழுதி உள்ள உட்டுடறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். கோவிந்தராசு அவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் அவர் நல்லவர். மழை வந்தால் பெஞ்சை அவர்தான் உள்ளே தள்ளிப் போடுவார்.

5. அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அண்ணன் தலையைக் குனிந்தபடியே நடந்தார். வியாழக்கிழமை வகுப்பில், "டீச்சர், எம் பேர அடிச்சிட்டு எந் தங்கச்சி பேர எழுதிக்குங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். தங்களிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வியாழன் மாற்றலாம் என்று டீச்சர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

6. பயத்துக்குக் காரணம் அந்த பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் நிலையத்தின் வாசல் தெரியும். வாசலுக்கு நேர் எதிரே தெருவைத் தாண்டி சாராயக் கடை. உள்ளே தைக்கும்போது அண்ணனுக்குக் கை நடுங்குவதில்லை. வகுப்பு முடிந்த நாட்களில் அந்தக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் என்னோடு நடந்து வருகிறார். மருந்து வாங்க மட்டும் வரும் நாட்களில் அப்படி இல்லை. அவரை அந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே தைத்தால், கண் துணியில் நிற்காது. அவர் இடம் எனக்கு வேண்டாம், ஐயா.

ஆகவே, அண்ணனின் பெயரை நீக்காமல், சும்மா இருக்கும் அந்த மெஷினில் எனக்கும் தையல் கற்றுக்கொடுக்க ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டீயும் பன்னும் வேண்டாம். நூலும் துணியும் நானே கொண்டு வருகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்ணன் சுவரோடு பேசும்போது அப்பா அதட்டுகிறார், அம்மா அழுகிறார், நான் சுவருக்குப் பதிலாகப் பதில் சொல்கிறேன். எது சரி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரும் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது டாக்டர் எங்களையும் உள்ளே அழைத்துப் பேசினால் உதவியாக இருக்கும்.

தங்கள் பதிலை வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இல்லாத நேரத்தில் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். வியாழக்கிழமை நான் பெஞ்சில்தான் இருப்பேன். வசந்தா டீச்சர் சன்னலில் இருந்து என்னைப் பார்த்து, வா என்று கையைக் காட்டினால் போதும். நான் புரிந்துகொள்வேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 21-7-1984

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கி. அஞ்சலாட்சி
(காத்தவராயனின் தங்கை)