அப்பா தேர்ச்சி பெற்ற தேர்வு

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் எழுதிய தேர்வில் என் அப்பாவைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டார்கள். நான் நலம்; உன் முழங்கால் வலி எப்படி?

கேட் காவலுக்கு நடுவே எட்டு மாதம் நானாகவே இணையதளம் செய்யப் பழகி, அந்தத் தேர்வை எழுதினேன். சான்றிதழிலோ என் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். கடைசிவரை கைநாட்டு வைத்தவர் அவர்!

தேர்வு மையத்து மேசைக்காரன், "அப்பா பேருதானே சார், பெருமைதானே!" என்று இளித்தான்.

"அப்போ செத்தவரையே வேலைக்கு வரச் சொல்லவா?" என்றேன்.

பதினைந்தாம் தேதிக்குள் திருத்திய தாளைக் காட்டாவிட்டால், எனக்குத் தருவதாகச் சொன்ன அலுவலக வேலை வேறொருவனுக்குப் போய்விடும். மேசைக்காரன் தன் தவறை எழுதித் தரவேண்டும். நம் பெரியவன் என் பிறப்புச் சான்றிதழை நாளையே அனுப்பவேண்டும். பதில் கடிதத்தை நீ அவனைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல், உன் கையாலேயே நாலு பக்கம் எழுதவேண்டும்.