சிலேட்டைத் துடைக்கும் முன்

இன்று யோங் பெங்கில் ஆசிரியர்களுக்கு நான் சித்திரப் பயிற்சி கொடுத்தேன். மழையில் நனைந்த பையிலிருந்து ஓர் ஆசிரியை சிலேட்டுகளை எடுத்து என் மேசையில் அடுக்கினார். ஈரச் சிலேட்டின் வாடை எழுந்தது. அதன்பிறகு நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. நீ என் நினைவில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

பல வருடங்களுக்கு முன் இதே ஊருக்குத்தான் நாம் இருவரும், ரப்பர் தோட்டப் பள்ளி வாத்தியார்கள், சித்திரம் சொல்லித்தரப் பழக வந்தோம். ஜொகூர் பாருவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஓர் அன்னாசிப் பழத்தை வைத்து, "மனத்தில் இருப்பதை வரையாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள்" என்றார். நீ எழுந்து, "கண் முன்னால இல்லாதத வரையணும்னா என்னங்கய்யா செய்யறது?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காய்ச்சலில் உன் மகள் போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவளைப் படம் பிடித்து வைக்க உங்களுக்கு வாய்க்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னாய்: "தினமும் வரைஞ்சு பாக்குறேன். கண்ணு வரைக்கும் அவதான். வாய்க்கு வந்தா அவ அம்மா ஆயிடுறா."

பிறகொரு நாள் உன் பள்ளிக்கு வந்தேன். "நம்ம பாப்பா உங்ககூடத்தானே உக்காந்திருந்தா, அவள வரைங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாய். ஒருத்தி வெறும் ரிப்பனை வரைந்திருந்தாள். ஒருவன், ரப்பர் மரத்தடியில் கொட்டை பொறுக்குகிறவளாக. கடைசி வரிசைச் சிலேட்டில் ஒரு சிரிப்பு மட்டும். முன்பல் ஒன்று இல்லை. நீ அதை எடுக்கக் கை நீட்டினாய். மணி அடித்தது. அடுத்தது கணக்கு. பிள்ளைகள் வழக்கம்போல எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டார்கள்.

நீ யாரையும் தடுக்கவில்லை. என்னிடம் வந்து, "பல்லு விழுந்திருந்துச்சு. எனக்கு அது மறந்தே போச்சு" என்றாய். பிறகு கரும்பலகையில் கணக்கை எழுதத் தொடங்கினாய்.

அந்த மழைக்காலத்தில் அதே காய்ச்சல் உன்னையும் கொண்டுபோயிற்று. உன் மனைவி தனியாகக் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

நான் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்கிறேன்: வரைந்து முடித்ததும், துடைக்கச் சொல்லும் முன் ஒவ்வொரு சிலேட்டின் அருகிலும் நின்று பாருங்கள். "மார்க் போடவாங்க?" என்று அந்த ஆசிரியை இன்று கேட்டார்.

"இல்லம்மா. பாக்கத்தான்."

எந்தப் பள்ளிக்குப் போனாலும் நானும் அப்படித்தான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். உன் மகளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இருந்தும் தேடுகிறேன்.