உன் பேரில் நான் கொடுத்தது

என் முத்தாண்டிக்குப்பத்துக்காரனுக்கு,

போன வாரம் உன் தம்பி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். மறுநாள் அவனுக்கு மெடிக்கல், அந்தக் குப்பியில் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாஸானால் நம் நிலக்கரி மைன்ஸிலேயே பர்மனென்ட். "அண்ணனுக்குச் செஞ்ச மாரி எனக்கும் செஞ்சுடுங்கண்ணா. எனக்கும் அந்த வியாதி இருக்குமோன்னு பயந்துகினே இருக்கேன்" என்றான். அந்தக் காலிக் குப்பியைத் தொடக்கூட எனக்குக் கூசியது.

நம் மெடிக்கல் அன்றைக்குக் கூசவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. நீயும் நானும் ஒரே கான்ட்ராக்டில் மண் அள்ளியவர்கள், ஒரே நாளில் மெடிக்கலுக்குப் போனவர்கள். நீ ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருந்தோம். உன் அப்பாவும் சர்க்கரை வியாதியில் போனவர். "நீல மருந்துல விட்டுக் காய்ச்சுவாங்க, செங்கல் நிறமாச்சுன்னா வேலை போச்சு" என்று வரிசையில் ஒருவன் சொன்னான். உன் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் உன் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு கக்கூசுக்குள் போனேன். இரண்டையும் நானே நிரப்பினேன். "ஒரே மாட்டுப் பால், ரெண்டு செம்பு" என்று வெளியே வந்து கிண்டல் வேறு. நீ சிரிக்கவில்லை. "உன்னைச் சாமியா நெனைச்சுக்கறேன்யா" என்றாய்.

பர்மனென்ட் ஆனதும் வியாதியே போய்விட்ட மாதிரி இருந்தோம். அது என்னவென்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. சர்க்கரை தின்றால் வருகிற வியாதி என்று நினைத்து டீயில் மட்டும் சர்க்கரையை நிறுத்தினாய். மூன்று வேளையும் சோறு குவியும். பலாக் காலத்தில் பாதிப் பழத்தை ஒரே மூச்சில் முடிப்பாய். "இனிப்பில்லாத சோறு என்னா பண்ணும்?" என்பாய், நானும் தலையாட்டுவேன். நீ இளைத்ததற்கு மைன்ஸ் வெயிலைத் திட்டினோம்.

அப்புறம் பூட்ஸ் கடித்து உன் கட்டைவிரலில் புண் வந்தது. உனக்கு வலியே தெரியவில்லை. வலிக்காததால் சின்னப் புண்தான் என்று விட்டோம். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடட்டுமா?" என்று கேட்டாய்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வேணாம்யா. டெஸ்ட் பண்ணுவாங்க. அப்ப மெடிக்கல்ல யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க. ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிடும்" என்றேன். உன் காலை நினைக்கவில்லை, என் சீட்டைத்தான் நினைத்தேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து நானே பூசினேன். அதற்கும் நன்றி சொன்னாய், பாவி. கால் கறுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். காலை எடுத்தும் உயிர் நிற்கவில்லை.

உன் பிணத்தருகே உன் மனைவி, "எங்க வூட்டுக்கு விளக்கேத்தின மவராசன்" என்று என்னைக் காட்டிக் காட்டி அழுதாள். கூனிக் குறுகி நின்றேன்.

அதனால்தான் உன் தம்பியிடம், "உன்னோடதை நீயே குடுடா" என்று கத்தினேன். முறைத்துக்கொண்டு போனான். மறுநாள் நானே போய் அவனை மெடிக்கலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்து செங்கல் நிறமாகவில்லை, பச்சையோடு நின்றது; சர்க்கரை கொஞ்சம்தான் என்று அர்த்தமாம். டாக்டர் அவனை உட்காரவைத்துப் பேசினார். "அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்திருக்கு, உனக்கு இப்பதான் எட்டிப் பாக்குது. சோத்தைப் பாதியாக்கு. கீரை, பயறு சேத்துக்க. தொப்பையைக் குறை, தினம் நட. கால்ல சின்னப் புண்ணுன்னாலும் உடனே வா. மூணு மாசம் கழிச்சுக் காட்டு, வேலைக்கு ஃபிட்டுன்னு எழுதித் தரேன்" என்றார். அவ்வளவுதான். அவன் சீட்டு கிழியவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். "அண்ணன் அன்னிக்குத் தன்னோடதையே குடுத்திருந்தா, அவருக்கும் இதையேதான் சொல்லியிருப்பாங்களாண்ணா?" என்று கேட்டான்.

"சொல்லியிருப்பாங்க" என்றேன்.

"சரி, கால் புண்ணுக்காவது ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"உங்கண்ணன் பயந்துட்டான்டா" என்று சொல்லிவிட்டேன்.

செத்த பிறகும் என் பயத்தை உன் தலையில் கட்டிவிட்டேன். நீ பயப்படவே இல்லை. போகட்டுமா என்றுதான் கேட்டாய்.