விட்டத்துல தொங்குன பிடிமண்

முனியாண்டி துணை

புக்கிட் ரோத்தான்,
ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை

அன்பு மக கங்காவுக்கும் மாப்பிள்ளை சுகுமாறனுக்கும் சின்னம்மா எழுதிக்கிறது. முனியாண்டி புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் தின்னு, தூங்கி, எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம், சித்தப்பாவுக்கு முட்டி வலி மட்டும் அது பாட்டுக்கு இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் மீரியில நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிறதும் நல்லா இருக்கணும்னு காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அவருகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தப் பார்சல்ல மொளகாத்தூள் ரெண்டு பாக்கெட்டு, மாப்பிள்ளைக்குக் கடல உருண்ட, ஒனக்கு ரெண்டு பருத்திக் கைலி வெச்சிருக்கேன். பாசிர் பெனம்பாங் கருவாடு வாங்கி வெச்சேன், ஆனா போடல, கப்பல் பூரா நாறும்னு சித்தப்பா எடுத்துட்டாரு.

போன் இருக்கிறப்ப எதுக்குக் கடுதாசின்னு நீ கேப்ப. போன்ல நீ ஒரே கேள்விதான் கேக்குற, புது வீடு என்னாச்சு சின்னம்மா, நான் வரவா வேணாமான்னு. நான் ஆரம்பிச்சு பாதி சொல்றதுக்குள்ள ஒனக்கு டூட்டி வந்துடுது, இல்லன்னா இங்க லைன் போயிடுது. போன ஞாயித்துக்கெழம, வீடே ஒழுங்கா இல்லாத எடத்துக்கு நான் எப்படி வர்றது, இங்கயே ஒரு ஆள வெச்சுப் பாத்துக்குறேன்னு சொல்லிட்டு போன வெச்சிட்ட. தலப்பிரசவம், எங்கக்கா உசுரோட இருந்திருந்தா அவ வாசல்ல நடக்க வேண்டியது, அவ இல்லாததால என் வாசல்ல நடக்கணும், அந்த வாசல் எதுன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியும். அதனால மொதல்லேர்ந்து எழுதுறேன், கால நீட்டி உக்காந்து படி.

பொங்கல் முடிஞ்ச கையோட தோட்டத்து ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சுல்ல, தாமான்ல, அந்தப் புதுக் குடியிருப்புல, கல்லு வீடு ரெடி, தை மாசம் பதினாறாந்தேதி சாவி குடுப்பாங்கன்னு. லயத்து வரிச வீட்டுல மிச்சம் இருக்கிற பதினோரு குடும்பமும் அன்னக்கி சந்தோஷத்துல கத்துச்சு. நான் கத்தல, சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டேன். நாலே நாள்ல வீட்டையே பொட்டியில போட்டுட்டேன், கிரைண்டர் ஒரு பொட்டி, பித்தள பாத்திரம் ஒரு பொட்டி, சாமி படம் எல்லாம் ஒன் பழைய போர்வையில சுத்தி ஒரு பொட்டி. குத்துவெளக்கக் கழுவித் தொடச்சு, இந்த வீட்டுல ஏத்துனது போதும் இனி புது வீட்டுலதான்னு சாமிகிட்ட சொல்லி அதையும் உள்ள வெச்சு டேப் ஒட்டிட்டேன். சித்தப்பா பாத்துக்கிட்டே நின்னாரு. முப்பது வருஷம் ஆளுங்கள மேய்க்கிற மண்டோரா இருந்த மனுஷன், ஆள் வேலைக்கு வந்தப்புறம்தான் பேரு எழுதுவாரு. சாவி கையில வரட்டுமே லா, என்ன அவசரம்னு ஒரு வார்த்த சொன்னாரு. நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப அபசகுனமா பேசாதீங்கன்னு நான் ஒரு சத்தம் போட்டேன்.

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. பூசாரி தேவன கூட்டிக்கிட்டு முனியாண்டி கோயிலுக்குப் போயி பிடிமண்ணும் எடுத்துட்டேன். நீ பாத்ததில்ல, அவரு காலடியில ஒரு கைப்பிடி மண்ண எடுத்து, சொம்புல போட்டு மஞ்சத்துணியில கட்டி, போற எடத்துல ஒரு கல்ல நட்டு அந்த மண்ணப் போட்டா அவரும் நம்ம கூட வந்துட்டாருன்னு அர்த்தம். அதுல ஒரு கட்டு இருக்கு, எடுத்த மண்ண போய்ச் சேர்ற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது. தேவன் அத ரெண்டு தடவ சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன். எட்டு நாளுதானேன்னு நெனச்சு, நடு வீட்டு விட்டத்துல இருக்கிற கொக்கியில சொம்பக் கட்டித் தொங்க விட்டேன்.

எட்டு நாளு எட்டு மாசமாச்சு. மாசியில ஆபீஸ் போனா நகராட்சிப் பேப்பர் இன்னும் வரலன்னாங்க. பங்குனியில பேப்பர் வந்துச்சு, தண்ணி மீட்டர் வரல. சித்திரையில மீட்டர் வந்துச்சு, லோங்காங் கால்வாய தப்பா வெட்டிட்டாங்களாம், தண்ணி ரோட்டுக்குப் போகாம வீட்டுக்குள்ள வருதாம், ஒடச்சு மறுபடி கட்டணுமாம். அது முடிய ஆனி ஆச்சு. அப்பறம் கரண்டு. அங்க கவுண்டர்ல ஒரு மலாய்க்காரப் பொண்ணு இருக்கு, முகம் நல்ல லட்சணம், போறப்பல்லாம் மிங்கு டெப்பான் மக்சீக், மிங்கு டெப்பான்னு சிரிச்சிக்கிட்டே சொல்லும், அடுத்த வாரம் ஆண்டி அடுத்த வாரம்னு. மொதல்ல எனக்கு வயிறெரிஞ்சுச்சு. அப்பறம் அது எரியறதும் நின்னு போச்சு, மழ வருதான்னு எட்டிப் பாக்குற மாதிரி போயி பாத்துட்டு வருவேன். ஆடி வந்தப்ப மட்டும் நிம்மதியா இருந்துச்சு, ஆடியில எப்படியும் பால் காய்ச்ச முடியாது, அதனால ஆபீஸுக்கும் போக வேணாம்.

இந்த எட்டு மாசமும் நாங்க பொட்டிக்கு நடுவுல குடியிருந்தோம் கங்கா. எது வேணுமோ அது அடிப்பொட்டியில இருக்கும். தோசக்கல்ல எடுக்கணும்னா மூணு பொட்டிய எறக்கணும், எறக்குனா புது வீட்டுக்குப் போறது தள்ளிப் போயிடுமோன்னு ஒரு பயம், அதனால எறக்கவே இல்ல. ஒரு சட்டி, ஒரு கரண்டி, ரெண்டு மங்கு, அவ்வளவுதான். தோசக்கல்லு பக்கத்து வீட்டு ஜெனவீவ் ஆண்டிதான் குடுத்தா. அவளுக்கும் அதே தாமான்ல அதே வரிசையிலதான் வீடு, அவ ஒரு ஸ்பூன் கூட கட்டல. மாதா படம் செவுத்துல இருக்கு, மெழுகுவத்தி எரியுது, சாவிய கண்ணால பாத்தாத்தான் நான் பொட்டி தேடுவேன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குக் கேக்கு சுட்டுக்கிட்டு இருக்கா. தோசக்கல்ல வாங்கப் போறப்பல்லாம் எட்டிப் பாத்து, என்னக்கா ஒங்க சாமி இன்னும் பஸ்ஸுக்கு நிக்கிறாரான்னு கேப்பா. அவ வீட்டுக்காரரு அந்தோணிதாஸ் வேற உள்ளேர்ந்து, பஸ்ஸுல சீட்டு இல்ல போல, தொங்கிக்கிட்டே வர்றாருன்னுவாரு. நான் சாமி விஷயத்துல வெளையாடாதீங்கன்னு மொறைப்பேன், ஆனா வீட்டுக்கு வந்து சொம்பப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துடும். சித்தப்பா அதுல தெனம் ஒரு தடவ தலைய இடிச்சுக்குவாரு. இடிச்சதும் கன்னத்துல போட்டுக்குவாரு, கோயிலுக்குப் போற வேல மிச்சம்னு சொல்லுவாரு. நான் சொம்புக்குக் கீழ பாயப் போட்டு படுக்க மாட்டேன், கயிறு அந்துடுமோன்னு. எட்டு மாசமா வீட்டுக்குள்ள ஒரு வெளக்கு ஏத்தல. கோயில்ல போயி ஏத்திட்டு இருட்டு வீட்டுக்கு வந்து சுவிட்சு போடுவேன்.

நீ முழுகாம இருக்கிறன்னு பங்குனியில போன் பண்ணுனப்ப எனக்கு ரெட்ட சந்தோஷம். புது வீட்டுல மொதல்ல பாலு, அப்பறம் பிள்ளன்னு கணக்குப் போட்டுட்டேன். அந்தக் கணக்கு மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுச்சு. இந்த ஆவணிய விட்டா புரட்டாசியில குடி போக முடியாது, ஐப்பசியில தீவாளி வந்துடும், அதுக்குள்ள ஒனக்கு எட்டு மாசம் தாண்டிடும், பிளேன்ல ஏத்த மாட்டாங்கன்னு நீயே சொன்ன. இன்னொண்ணும் இருக்கு, அத போன்ல ஒங்கிட்ட சொல்லல. வயித்துப் பிள்ளக்காரி இருக்கிற வீட்டுல சாமான் தூக்கி வீடு மாறக் கூடாது. நீ இந்தப் பழைய வீட்டுக்கு வந்து எறங்கிட்டா, மறுநாளே சாவி வந்தாலும் நாங்க போக முடியாது, நீ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இங்கதான். அதுக்காகத்தான் வா வான்னு வாய் தொறந்து சொல்லாம, இதோ இதோன்னு ஒன்ன இழுத்துக்கிட்டே இருந்தேன். ஆபீஸ்ல அந்தப் பொண்ணு எனக்குச் செஞ்சத நான் ஒனக்குச் செஞ்சிருக்கேன், அது எனக்குப் போன செவ்வாய்க்கெழமதான் ஒறச்சுச்சு.

நீ போன வெச்ச ரெண்டு நாள் கழிச்சு, செவ்வாய்க்கெழம, நானும் சித்தப்பாவும் மோட்டோவுல ஆபீஸ் போனோம். அன்னக்கி ஒரு முடிவு தெரியாம எந்திரிக்கக் கூடாதுன்னு போயி உக்காந்தேன். என் மக பிள்ள பெத்துக்க வரணும், எனக்கு ஒரு தேதி சொல்லுன்னு கேட்டேன். அது அன்னக்கி சிரிக்கல. எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு, அப்பத்தான் பாக்குறேன், அதுக்கும் வயிறு. இத்தன மாசமா கவுண்டருக்கு அந்தப் பக்கமே உக்காந்திருந்ததுல நான் கவனிக்கல. மக்சீக், எனக்கே தெரியாது, மேலேர்ந்து என்ன சொல்றாங்களோ அததான் சொல்றேன், நான் புஞ்சாக் ஆலாம்ல வாங்குன வீடே ரெண்டு வருஷமா வரல, மாமியார் வீட்டுலதான் இருக்கேன்னு சொல்லுச்சு. எனக்கு அதுக்கு மேல கோவப்படத் தெரியல. ஒனக்கு எப்பம்மான்னு வயித்தக் காட்டிக் கேட்டேன். நவம்பர் பன்னெண்டுன்னு ஒடனே சொல்லுச்சு. யோசிக்கவே இல்ல. எட்டு மாசத்துல அந்த ஆபீஸ்ல எனக்குக் கெடச்ச ஒரே தேதி அதுதான். கையில இருந்த பூவக் குடுக்கலாம்னு பாத்தேன், அதுங்க பூ வைக்காதுங்களேன்னு ஒரு ஆரஞ்சு குடுத்துட்டு வந்தேன்.

வர்ற வழியில சித்தப்பாகிட்ட, கங்காவுக்கு எந்தத் தேதின்னு கேட்டேன். நவம்பர் இருவத்தாறுன்னு அவரும் ஒடனே சொன்னாரு. இவரு ஒண்ணுமே காதுல வாங்குறதில்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் பாரு. வண்டிய நேரா கோயிலுக்கு விடச் சொன்னேன். தேவன்கிட்ட, பிடிமண்ணத் திருப்பிப் போடலாமா, சாமி குத்தம் ஆயிடுமான்னு கேட்டேன். எடுத்த மண்ணத் திருப்புனதா நான் யாரையும் கேள்விப்பட்டதே இல்ல. அவரு வெத்தலைய மென்னுக்கிட்டே, அவரு எங்கம்மா போனாரு, இங்கதானே நிக்கிறாரு, நீதான் ஒரு பிடி மண்ண அள்ளிக்கிட்டுப் போயி ஊஞ்சல் கட்டி ஆட்டிக்கிட்டு இருக்க, கொண்டாந்து போடு, போறப்ப புதுசா எடுத்துக்கன்னாரு. இத சொல்றதுக்கு எட்டு மாசமான்னு கேட்டேன். நீ எட்டு மாசமா கேக்கலியேன்னாரு.

அன்னக்கிச் சாயங்காலம் சித்தப்பா ஏணி போட்டு சொம்ப அவுத்தாரு. தரையில வைக்காம கையிலயே கொண்டு போனோம், ஜெனவீவும் கூட வந்தா, கிண்டல் பண்ணாம வந்தா. எடுத்த எடத்துலயே மண்ணக் கொட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, அவசரப்பட்டுட்டேன் பொறுத்துக்கன்னு கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து பொட்டி எல்லாத்தையும் பிரிச்சோம். கிரைண்டருக்குள்ள பல்லி முட்ட போட்டு வெச்சிருந்துச்சு. சாமி படத்த பழைய ஆணியிலயே மாட்டுனேன், ஆணிய பிடுங்காம விட்டது நல்லதாப் போச்சு. குத்துவெளக்க ஏத்துனேன். சித்தப்பா வெளக்குக்குப் பக்கத்துல வந்து உக்காந்து, இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னாரு.

அதனால கங்கா, நீ வா. இந்த வீட்டுக்கே வா. கூரையில ஒழுகுன ரெண்டு எடத்துக்கும் சித்தப்பா புது ஜிங்க் தகடு போட்டுட்டாரு. பதினோரு குடும்பமும் சாவி வாங்கிப் போற வரைக்கும் லயத்துல கை வைக்க மாட்டோம்னு மேனேஜர் எழுதிக் குடுத்த பேப்பர சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போக அந்தோணிதாஸ் காடி வாசல்லயே நிக்கும், ஏர்போட்டுக்கும் அவருதான் வர்றாரு. தீவாளிக்கு முன்னாடி, பிளேன்ல ஏத்துற நாளு தாண்டுறதுக்குள்ள டிக்கெட்டு எடுத்துடு. டாக்டர்கிட்ட கடுதாசி வாங்க மறந்துடாத, கிளினிக் புத்தகத்தப் பொட்டியில போடாம கையில வெச்சிக்க. கனமா ஒண்ணும் தூக்காத, மாப்பிள்ளைய தூக்கச் சொல்லு, அவரு லீவு கெடைக்கிறப்ப வந்தா போதும். நாளைக்கே அந்தப் பொண்ணு போன் பண்ணி மக்சீக் சாவி வந்துடுச்சுன்னு சொன்னாலும், நான் வாங்கி அஞ்சறப் பொட்டியில போட்டு வெச்சிடுவேன், ஒனக்குப் பச்ச ஒடம்பு தேறி தை பொறக்கிற வரைக்கும் எங்கயும் அசைய மாட்டேன். எட்டு மாசம் நாங்க அந்த வீட்டுக்காகக் காத்துக் கெடந்தோம். இனிமே அது நமக்காகக் காத்துக் கெடக்கட்டும்.

முனியாண்டி ஒனக்கு முன்னயும் பின்னயும் நடந்து வந்து பத்திரமா கொண்டு சேக்கட்டும். ரெண்டு பேரும் கொறையில்லாம, மனசு கோணாம இருங்க. வெளக்கு வெச்ச நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வெளிய நிக்காத, சொன்னா சிரிப்ப, இருந்தாலும் சொல்றேன். டிக்கெட்டு எடுத்தோன தேதிய சித்தப்பாகிட்ட சொல்லு, அவரு மறக்க மாட்டாரு. சொம்பு தொங்குன கொக்கி காலியா இருந்துச்சு, நேத்து அதுல எண்ண போட்டுத் தொடச்சு, புக்கிட் ரோத்தான் கடையில பிள்ள தூங்குற தொட்டிக்கு ஸ்பிரிங்கு வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு. அதுக்குக் கீழ நடந்து போறப்ப சித்தப்பா இன்னும் பழக்கத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டுத்தான் போறாரு.

ஒன் வரவ எண்ணிக்கிட்டு இருக்கிற
சின்னம்மா விமலா
சித்தப்பா நல்லசாமியும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, ஆசீர்வாதம் எழுதுன்னாரு, எழுதிட்டேன்.