மார்கழியில் வீடு மாறக்கூடாது

மார்கழி 2, புதன்

பனி. ஏழரை மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. குளியலறைக் கதவு ஊறிப்போய் மூடவும் மாட்டேன் என்கிறது, திறக்கவும் மாட்டேன் என்கிறது.

இன்று:
1. கதவின் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க.
2. மாடி டேங்க் ஃப்ளோட்டு. பிளம்பர் ஏழுமலைக்கு போன்.
3. கம்பளியை வெயிலில் போட.
4. கேஸ் பதிய.

1 பாதி. 2 எடுக்கவில்லை. 3 வெயில் வரவில்லை. 4 மறந்தேன்.

கேன்டீன் ஸ்டோரில் இருபத்தோரு வருஷம் பட்டியல் போட்ட கை. ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகியும் நிற்க மாட்டேன் என்கிறது. அங்கே எழுதினால் நடந்தது. இங்கே எழுதுவதும் நானே, செய்யாமல் விடுவதும் நானே.

சாயங்காலம் மாடியிலிருந்து மெர்சி இறங்கி வந்தாள். தனி ஆளாக நாலு வருஷமாக மேலே குடியிருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது ஐந்தாறு தடவை இருந்தால் அதிகம். கம்பெனி ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்கு உட்கார ஏது நேரம்?

"அக்கா, என்னைய லைன் லீடரா போட்டுட்டாங்க."

"அடிப்பாவி, வெறுங்கையோட வந்து சொல்றியே, ஸ்வீட் எங்க?"

"வாங்கிட்டு வாரேன். ஆனா ஒரகடத்துல இல்லக்கா, சுங்குவார்சத்திரம் பிளான்ட்டு. அங்கன கூட வேல பாக்குத பிள்ள ஒரு வீடு பாத்து வச்சிருக்கா. வார ஞாயித்துக்கிழம மாறிரலாம்னு இருக்கேன்."

வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "இன்னாடி இது? மார்கழியில போய் யாராவது வூடு மாத்துவாங்களா? தை பொறக்கட்டும்."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாதேக்கா."

"உனக்கு இல்லன்னா இன்னா? வூட்டுக்கு கீது இல்ல?"

என்ன பேச்சு இது! சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணுக்கு மார்கழி பார்க்கிறேனாம். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிக்கா. தை பொறந்தே போவுதேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

தைக்கு இன்னும் இருபத்தொன்பது நாள். விரல்விட்டு எண்ணினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி சோறு இறங்கியது.


மார்கழி 4, வெள்ளி

குளிர். முழங்கால் பிடிப்பு. கேஸ் பதிந்தாயிற்று.

மெ. (மெர்சி) ஏ ஷிப்ட், காலை வேலை. முன்பெல்லாம் ஐந்தேகாலுக்கு கம்பெனி பஸ். இப்போது புது பிளான்ட்டுக்கு நாலரைக்கே மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். மூன்றரைக்கு மேலே விளக்கு. பக்கெட் நகரும் சத்தம். குக்கர், ஒரே விசில். அப்புறம் படி இறங்கும் சத்தம். என்னை எழுப்பக்கூடாது என்று மெல்ல இறங்குகிறாள். நான்தான் அதற்கு முன்பே முழித்துக்கொண்டு படுத்திருக்கிறேனே.

தலைக்கு மேலே ஒரு ஆள் நடக்கிறது. என் நாளில் அது ஒன்றுதான் மனுஷ சத்தம். மீதியெல்லாம் ஃபிரிட்ஜும் டி.வி.யும்.

ஏழுமலை போன் எடுத்தான். "தோ வந்துக்கினே கீறேம்மா." வரவில்லை.


மார்கழி 6, ஞாயிறு

பூனாவிலிருந்து மகன் பாலு பேசினான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, குளிரா, சரி வைக்கிறேன். அந்த நாலு கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பான் போல. மருமகள் குளிக்கிறாளாம். எந்த ஞாயிறு போன் வந்தாலும் அவள் குளித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எவ்வளவு சுத்தம்!

மெ. நாள் முழுக்கத் தூங்கினாள். சாம்பார் கொடுக்கலாம் என்று இரண்டு தடவை பாதிப் படி ஏறி, திரும்பிவிட்டேன்.

டேங்க் வழிகிறது. படிக்கட்டுச் சுவரில் பாசி. விரலால் சுரண்டினால் சுண்ணாம்போடு வருகிறது. ஏழுமலை: "நாளிக்கு காலீல மொத வேல உங்குளுதுதாம்மா." முதல் வேலையாம். எனக்கு முன்னால் எத்தனை முதல் வேலையோ.


மார்கழி 10, வியாழன்

கிறிஸ்துமஸ். மெ. ஊருக்குப் போகவில்லை. புதுப் பதவி, லீவு கேட்க முடியாதாம். படப்பை சர்ச்சுக்குப் போய்விட்டு கேக்கோடு வந்தாள். பச்சைச் சேலை. தலையில் பூ. எப்போதும் கம்பெனி நீலச் சட்டையில் பார்த்த பெண்ணா இது!

நான் பிரியாணி போட்டேன். ஆறு பேர் தின்கிற அளவு. கேன்டீன் கை, குறைத்து அளக்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"ஒங்க கையில என்னமோ இருக்குக்கா."

"எல்லாம் டால்டாதான்டி."

சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது?

அவள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது, அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது நினைவுக்கு வந்தது. சாப்பிடும்போதே பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.


மார்கழி 12, சனி

தூறல். துணி காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டினேன், ஆணி பெயர்ந்து விழுந்தது, துணியெல்லாம் தரையில். திரும்ப அலசினேன்.

யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நாங்கள் குடி வந்ததே மார்கழியில்தான்.

என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். நல்ல நேரம் கெட்ட நேரம் என்று எவனாவது வாயெடுத்தால் சண்டைக்குப் போவார். வேண்டுமென்றே மார்கழியில், அதுவும் ராகு காலத்தில், பால்கூடக் காய்ச்சாமல், ஊரே வேடிக்கை பார்க்க உள்ளே நுழைந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தார். எனக்குப் பயம்தான். ஆனாலும் அவர் பக்கம்தான் நின்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலியில் போனார். எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர் அக்கா என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "மார்கழியில குடி பூந்த வூடு, ஆம்பளய முழுங்கிட்ச்சி." எழுந்து வெளியே போ என்றேன். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அவள் சொன்னதையேதான் நானும் எடுத்து மெர்சியிடம் நீட்டியிருக்கிறேன். அவளாவது நம்பிச் சொன்னாள். நான் நம்பாமல் சொன்னேன். மாடி காலியாகிவிடும் என்ற பயத்தில் சொன்னேன். அவர் இருந்திருந்தால் என்னை என்ன கிழி கிழித்திருப்பார்!


மார்கழி 14, திங்கள்

கடும்பனி. கை நீட்டினால் கை தெரியவில்லை.

காலை ஆறு மணிக்குக் கேட் சத்தம். மெர்சி திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலை, தோள் எல்லாம் பனியில் நனைந்து.

"பஸ்காரன் பாக்காம போயிட்டான்க்கா. கையக் கையக் காட்டுதேன், பனியில தெரியல போல. ஒரு மணி நேரம் நின்னேன், வேற வண்டியும் இல்ல."

மிளகு ரசம் சூடாக ஒரு டம்ளர் கொடுத்தேன். குடிக்கும்போதே போன். சூபர்வைசர். சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் லீடர் வேலை கிடையாது, பழையபடி லைனில் நின்று ஸ்குரு மாட்டு என்கிறான். "சரி சார், சரி சார்" என்றாள். வைத்த பிறகு அழவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்தாவது போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அந்த வீடு பிளான்ட்டுக்கு நடக்கும் தூரமாம். ஐந்தரைக்கு எழுந்தால் போதுமாம். கிறிஸ்துமஸ் அன்றே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

ஏழு வருஷம் லைனில் நின்று வாங்கிய வேலை. என்னால் போகப் பார்த்தது. சமைக்கவில்லை. பசிக்கவும் இல்லை.


மார்கழி 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வந்தவளைப் படியிலேயே நிறுத்தினேன். உட்காரச் சொன்னால் தைரியம் போய்விடும்.

"மெர்சி, நீ ஞாயித்துக்கெழம கெளம்பு. மார்கழி கீர்கழி ஒண்ணும் கெடையாது. நாங்களே இந்த வூட்டுக்கு மார்கழியிலதான் வந்தோம். நான் உன்னாண்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா."

"இன்னாடி தெரியும்?"

"மொட்டமாடிச் சுவத்துல சிமென்ட்டுல எழுதியிருக்குல்லா, குடி வந்த நாள் டிசம்பர் இருவதுன்னு. ராகு காலம்னுகூடப் போட்டிருக்கு. நாலு வருசமா அதுமேலதான துணி காயப் போடுதேன். டிசம்பர் இருவதுன்னா மார்கழிதான?"

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவர் கொத்தனார் பக்கத்தில் நின்று எழுத வைத்தது. ஊருக்கே தெரியட்டும் என்று முழ உயர எழுத்து! வீட்டு நெற்றியிலேயே எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் கீழே உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து மொட்டைமாடி ஏறுவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

"தெரிஞ்சிக்கினு ஏன்டி சரின்ன? மூணரைக்கு எழுந்து, பனியில நின்னு, திட்டு வாங்கி... இன்னாத்துக்கு?"

கம்பெனி அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நாலு வருசத்துல நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லல்லாக்கா. அன்னைக்குத்தான் கேட்டீங்க."

"நான் எங்கடி கேட்டேன்? மார்கழின்னுதானே சொன்னேன்."

"அது கேட்டதுதான்க்கா."

மேலே போய்விட்டாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குளியலறைக் கதவு இல்லை, அது சாத்தாது. சமையலறைக் கதவு.


மார்கழி 17, வியாழன்

ஞாயிறுவரை தினமும் நாலு மணிக்கு டார்ச்சோடு மெயின் ரோடுவரை நானும் போகிறேன். வேண்டாம் என்றாள். நீ யாருடி எனக்குச் சொல்ல என்றேன். பஸ்காரன் முகத்திலேயே டார்ச் அடித்தேன். "யம்மா, கண்ணு அவிஞ்சிடும் போல கீது!" என்று கத்தினான். கத்தட்டும்.

போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், பள்ளத்துக்காக.


மார்கழி 20, ஞாயிறு

வெயில். ஆச்சரியம்.

குட்டியானை வண்டி பத்து மணிக்கு வந்தது. அரை வண்டிகூட நிரம்பவில்லை. கட்டில் 1. ஃபேன் 1. சிலிண்டர் 1. பிளாஸ்டிக் நாற்காலி 2 (இரண்டாவது யாருக்கு வாங்கினாளோ). அட்டைப்பெட்டி 5. சிலுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், இட்லிப் பொடி ஒரு டப்பா கொடுத்தேன். அவள் சாவியைக் கொடுத்தாள். சட்டென்று வாங்க முடியாமல் கையெல்லாம் ஊறுகாய் எண்ணெய்.

"ஒரு நாளு வாங்கக்கா."

"பாக்கலாம், வேல கீது" என்றேன். என்ன வேலை? வாய்தான். என் வாய் எனக்குச் செய்த கெடுதலை வேறு யாரும் செய்ததில்லை.

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "இன்னாக்கா, மார்கழியில காலி பண்ணுது பொண்ணு?" நன்றாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே எழுத வேண்டாம்.


மார்கழி 22, செவ்வாய்

ஏழுமலை வந்தான். யாரும் இல்லாத வீட்டுக்கு ஃப்ளோட்டு மாட்டினான். பத்து நிமிஷ வேலை. இருபது நாள் அலைக்கழித்தான். "இனிமே ஒரு சொட்டு வயியாதும்மா." வழிய என்ன இருக்கிறது, தண்ணீரைத் திறக்க ஆள் இருந்தால்தானே.

மூன்றரைக்கு விழிப்பு வந்தது. மேலே பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒன்றும் நகரவில்லை. நாலரைவரை அப்படியே. இதை யாரிடம் சொல்ல? தனியாக இருக்கிறேன். எழுதிப் பார்த்தேன். எழுதினால் இன்னும் நிஜமாகிறது.


மார்கழி 25, வெள்ளி

பனி குறைவு. குளியலறைக் கதவைக் கழற்றி, அடியில் இழைப்புளி போட்டு, திரும்ப மாட்டினேன். தனியாகவே. ஒரு விரல் நசுங்கியது. மூடுகிறது, திறக்கிறது. காட்ட யாருமில்லை.

சாயங்காலம் மெர்சிக்கு போன் போட்டேன். நானாகப் போடுவது இதுதான் முதல் தடவை. நாலு வருஷம் படியில் நின்று கூப்பிட்டாலே கேட்டது, போன் எதற்கு?

நன்றாக இருக்கிறாளாம். ஐந்தரைவரை தூங்குகிறாளாம், பி ஷிப்ட் வந்தால் எட்டுவரை. சூபர்வைசர் இப்போது சிரிக்கிறானாம். ஊறுகாய் தீரப்போகிறதாம்.

"இந்த ஞாயித்துக்கெழம இங்க வர்றியா?"

"ஓ.டி. இருக்கேக்கா. மூணு மணிக்குத்தான் விடுவாங்க."

சரி, வேலையைப் பார் என்று வைத்திருப்பேன். பழக்கம் அப்படி. வைக்கவில்லை.

"அப்ப நான் வர்றேன். மூணு மணிக்கு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்."

"முழங்கால வச்சிக்கிட்டு எதுக்குக்கா வீணா அலையுதீங்க? அங்க எதும் சோலி இருக்கா?"

"ஒரு சோலியும் இல்ல. வூட்டுல ஒண்டியா இருக்க முடியல. உன்னப் பாக்கணும் போல கீதுடி, அதான்."

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை. நொடி ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டாவது நாக்காலி சும்மாதான்க்கா கெடக்கு, வாங்க" என்றாள்.