மாம்பூவுக்கு மேலே

நகரி,
5-1-2025

அன்புள்ள அண்ணனுக்குத் தாட்சாயணி எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலம் கேட்கத்தான் எத்தனையோ முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

அன்று டிரோனோடு வந்த என்னை ஊரார் முன்னால், "இந்த பொம்மைய தூக்கிக்கினு கெளம்பும்மா, காத்துல பூவெல்லாம் கொட்டிப்பூடும்" என்று திருப்பி அனுப்பினீர்களே, அது வலித்தது. டுவாக்ரா மகளிர் குழுவில் என்னைத்தான் தேர்ந்தெடுத்து டிரோன் ஓட்டப் பழக்கினார்கள். ஊரார் நெல்லுக்கெல்லாம் மருந்தடிக்கிறேன். அண்ணன் மாந்தோப்புக்கு மட்டும் வெளியே நிற்கிறேன்.

கோபமில்லை அண்ணா, பயம்தான். மருந்தடித்த அன்று நீங்கள் மயங்கி விழுந்ததை அண்ணி சொன்னார்கள். டேங்கை முதுகில் சுமந்துகொண்டு ஏணி ஏறுகிறீர்களாமே! ஒரே ஒரு மரம் கொடுங்கள். பூ கொட்டினால் இனி அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

உங்கள் தங்கை,
தாட்சாயணி

புத்தலப்பட்டு,
11-1-2025

தாட்சாயணிக்கு அண்ணன் கோவர்த்தனன் ஆசிகள்.

போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. மயக்கம் வெயிலால் வந்தது. உன் அண்ணிக்கு எதையும் பெரிதாக்கித்தான் சொல்லத் தெரியும்.

வரப்போரத்து மரம் ஒன்றை உனக்காக மருந்தடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். பொங்கல் கழித்து வா. சாப்பிடாமல் போகக்கூடாது.

கோவர்த்தனன்

நகரி,
19-1-2025

அன்புள்ள அண்ணா,

வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்தது. நெல்வயலில் பழகிய கை, தாழப் பறக்கவிட்டுவிட்டேன். மரத்தடி முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தும் நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்துத் தோப்பு முனியப்பன் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

சொன்ன சொல்படி இனி டிரோனோடு உங்கள் தோப்புக்கு வரமாட்டேன். நீங்களும் ஏணி ஏறாதீர்கள். ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

தாட்சாயணி

புத்தலப்பட்டு,
24-1-2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் ஏன் திட்டவில்லை தெரியுமா? அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூ விழுந்ததும் பயந்துபோய் டிரோனை மேலே தூக்கினாயே, அதற்கப்புறம் ஒரு பூகூட விழவில்லை. மருந்து மட்டும் பனிபோல் இறங்கியது. உச்சிக்கொம்பு வரைக்கும் நனைந்ததை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அழுதுகொண்டே நீதான் அதைக் கவனிக்காமல் போய்விட்டாய்.

டீக்கடையில் முனியப்பன் ஆரம்பித்தான். "இன்னாபா, உன் தங்கச்சி மரத்தையே மொட்டையடிச்சிட்சாமே?"

"மரம் என்னுது, தங்கச்சியும் என்னுது. உனுக்கு இன்னாடா?" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை வா. தோப்பு முழுக்க அடித்துவிடலாம். எவ்வளவு உயரத்தில் நிறுத்த வேண்டுமென்று, நான் பூவைப் பார்த்துக்கொண்டே தள்ளி நின்று கை காட்டுகிறேன்.

உன் அண்ணன்,
கோவர்த்தனன்